நீர்வள ஆய்வு: கிணற்றடியில் தொடங்கும் தவறுகள்

முதுநிலை மாணவர் ஒருவர் நிலத்தடி நீர்மட்ட வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரே ஒரு கிணறு மட்டும் பக்கத்துக் கிணறுகளைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியிருந்தது. பாறை வெடிப்பு, அதிக இறைப்பு என்று அதற்கு இரண்டு பக்கம் விளக்கமும் எழுதிவிட்டார். நேரில் போய்ப் பார்த்தால், அந்தக் கிணற்றுக்கு இடுப்பளவு கைப்பிடிச் சுவர். டேப்பைச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து இறக்கியவர், சுவரின் உயரத்தைக் கழிக்க மறந்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

நீர்வளத்தில் பல தவறுகள் இப்படித்தான் கிணற்றடியிலேயே நடந்துவிடுகின்றன. அப்புறம் எந்த மென்பொருளாலும் அவற்றைச் சரிசெய்ய முடியாது. மோட்டார் ஓடும்போதே மட்டத்தை அளப்பது இன்னொன்று. மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் ஊறி நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பதும் தவறு. அது குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர், நிலத்தடி நீர் அல்ல. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மின்கடத்துத்திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண்) ஒரே நிலைக்கு வந்த பிறகு பிடியுங்கள். அமில காரத் தன்மையையும் அங்கேயே அளந்துவிடுங்கள். பாட்டில் ஆய்வகம் வந்து சேர்வதற்குள் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிவிட்டால் அந்த எண் மாறிவிடும்.

சரி, இனி காலக்கணக்கு. வானிலைத் துறையின் பதிவில் நவம்பர் 15 என்று இருக்கும் மழை, 14ஆம் தேதி காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்தது. இது தெரியாமல் ஆற்று நீரோட்டத்தோடு பொருத்தினால், மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததுபோலக் காட்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. அதில் நவம்பர் அளவு, நாட்டின் பெரும்பகுதிக்கு மழை முடிந்த பிறகான அளவு. தமிழ்நாட்டிலோ அது வடகிழக்குப் பருவமழையின் நட்டநடு. இங்கே மழைக்குப் பிந்தைய நிலையைக் காட்டுவது ஜனவரி அளவுதான். வடமாநில ஆய்வுக் கட்டுரையைப் பார்த்து முறையை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

துறைகள் செய்யும் தவறு ஒன்றும் இதோடு சேர்ந்ததுதான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும்கூட. கடைசி செமஸ்டர் ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. அதற்குள் களப்பணியை அடைத்தால், மாணவர் தன் கிணறுகளில் தண்ணீர் இறங்குவதை மட்டுமே பார்ப்பார். ஊறி ஏறுவதை ஒருநாளும் பார்க்க மாட்டார். தலைப்பை முந்தைய செமஸ்டரிலேயே முடிவுசெய்து, அக்டோபர் மழைக்கு முன்பே முதல் அளவை எடுக்க வைப்பது துறையின் பொறுப்பு.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நீர் நுட்ப மையம், குமுளூர் வேளாண் பொறியியல் கல்லூரி, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி என்று இடங்கள் பல; ஒவ்வொன்றின் பார்வையும் வேறு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடினப்பாறை. ஆகவே நிலத்தடி நீரில் ஆர்வம் உள்ளவர் எந்தத் துறையில் சேர்ந்தாலும் பாறைகளைப் பற்றிப் படிக்கும் நிலவியல் துறையின் வகுப்பில் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும். பக்கத்துக் கட்டடம்தானே, தயங்காதீர்கள்.

ஏரி ஆய்வு என்றால் செயற்கைக்கோள் படத்தோடு நின்றுவிடுவது இப்போது அதிகமாகிவிட்டது. நீர்ப்பரப்பு சுருங்கியதைப் படம் காட்டும். எந்த மடை அடைபட்டது, உபரிநீர் வழியும் கலங்கலை யார் உயர்த்தினார்கள், வரத்துக்கால் எங்கே தூர்ந்தது என்பதெல்லாம் அந்த ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டிக்குத்தான் தெரியும். கரைமேல் அவரோடு ஒருநாள் நடந்து வாருங்கள். கடைமடைக்கு எத்தனை வருடமாகத் தண்ணீர் எட்டவில்லை என்று அவரே சொல்லிவிடுவார்.

கடைசியாக ஒன்று. மாதிரி எடுத்துக்கொண்டு வந்ததோடு அந்த வீட்டை மறந்துவிடுவது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் அட்டவணையில் 90 என்று வந்திருந்தால், அந்தக் கிணற்றுத் தண்ணீரை இன்றும் ஒரு குடும்பம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பட்டம் வாங்கும்வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். "காய்ச்சிக் குடித்தால் சரியாகிடுமா தம்பி?" என்று கேட்பார்கள். ஆகாது, காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும் என்பதையும், கைக்குழந்தைக்குப் பால் கரைக்க வேறு தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.