லாட்ஜ் ரிசப்ஷன்ல நைட் டூட்டியா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கிருஷ்ணகிரில நைட் டூட்டின்னா ஊர் அடங்கிடும், நாமளும் கொஞ்சம் சாஞ்சுக்கலாம்னு நினைச்சு வேலைக்கு சேர்றாங்க புதுப் பசங்க. சென்னை ரோடும் சேலம் - பெங்களூர் ரோடும் சேர்ற இடம் இது, பதினோரு மணிக்கு மேலதான் நிறைய பேர் "அண்ணா ரூம் இருக்கா"ன்னு வந்து நிப்பாங்க. சின்ன லாட்ஜுல அந்நேரம் மேனேஜர் இருக்க மாட்டார், ஓனர் ஃபோன் எடுக்க மாட்டார், ரூம் பாய் மாடிப்படிக்குக் கீழ பாய் போட்டு படுத்திருப்பார், என்ன முடிவு எடுத்தாலும் நீங்கதான் எடுக்கணும். நான் பாத்த வரைக்கும் நைட்ல நடக்குற தப்புல பெரும்பாலானது "காலைல பாத்துக்கலாம்"னு விட்டதால வந்ததுதான்.

முதல்ல தேதி விஷயம், ஏன்னா நிறைய சண்டை இதுலதான் ஆரம்பிக்குது. ஆன்லைன்ல 14-ஆம் தேதிக்கு ரூம் போட்டிருப்பாங்க, ஆனா வந்து சேர்றது ராத்திரி ஒன்னே முக்கால், அதாவது 15-ஆம் தேதி. பன்னண்டு மணி ஆனதும் "வரல"ன்னு முடிவு பண்ணி நோ ஷோ போட்டுட்டு, வாசல்ல வந்த வேற ஆளுக்கு அந்த ரூமைக் குடுத்துடறாங்க. தொப்பூர் கணவாய்ல ஒரு லாரி சாஞ்சா போதும், சேலம் பக்கத்துல இருந்து வர்றவங்க ரெண்டு மூணு மணி நேரம் லேட்டாகறது சாதாரணம், அப்புறம் தூங்குற குழந்தையைத் தோள்ல போட்டுட்டு வந்து நிக்கிற குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லுவீங்க. அதனால டூட்டிக்கு வந்ததும் அன்னைக்கு வர வேண்டிய புக்கிங் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபோன் போடுங்க, "எங்க வந்துட்டு இருக்கீங்க, எத்தனை மணி ஆகும்"னு கேட்டு பேருக்குப் பக்கத்துலயே எழுதி வைங்க. எடுக்கலன்னா ஒரு மெசேஜ் போட்டு வைங்க.

லெட்ஜர்ல எழுதுறதும் அப்படித்தான். 24 மணி நேர செக்கவுட், அதாவது வந்த நேரத்துல இருந்து ஒரு நாள் கணக்கு வைக்கிற லாட்ஜுல வெறும் "12.20"ன்னு எழுதினா அது மத்தியானமா நடுராத்திரியான்னு மறுநாள் யாருக்கும் தெரியாது, பன்னண்டு தாண்டியும் பழைய தேதிப் பக்கத்துலயே எழுதியிருந்தா இன்னும் மோசம், ஒரு நாள் வாடகை கூடவா குறைச்சலாங்கற பஞ்சாயத்து பகல் டூட்டி ஆள் தலைல விழும். "15-ஆம் தேதி, இரவு 12.20"னு முழுசா எழுதுங்க, அந்த டைமுக்குப் பக்கத்துலயே கெஸ்ட்டை கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் யாரும் பேச முடியாது.

ஐடி வாங்காம சாவி குடுக்காதீங்க. "கார்ல இருக்குண்ணா, காலைல தரேன்"னு சொல்றவர் நல்லவராவே இருக்கட்டும், காலைல அஞ்சு மணிக்கே கெளம்பிட்டா உங்ககிட்ட ஒரு ஆதாரமும் இருக்காது. தங்குற பெரியவங்க எல்லாருக்கும் ஐடி, கூடவே வண்டி நம்பர், ஃபோன் நம்பர். ஆதார் கார்டை உங்க சொந்த ஃபோன்ல படம் புடிச்சு வச்சுக்காதீங்க, அது அவங்க நம்பி குடுக்குறது, லாட்ஜ் ஃபைலோட நிக்கணும். ஓசூர் சிப்காட் கம்பெனிக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க யாராவது தங்கினா பாஸ்போர்ட், விசா விவரத்தை 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதிவு பண்ணணும், சி ஃபார்ம்னு நம்ம ஆளுங்க சொல்றது அதைத்தான். விவரத்தை எடுக்காம ராத்திரி விட்டுட்டா பகல்ல அந்த ஆள் கம்பெனிக்குப் போயிடுவார், டைம் ஓடிடும்.

கல்யாணம் ஆகாத ஜோடி வந்தா என்ன பண்றதுன்னு பயப்படுறவங்க நிறைய. வயசு வந்த ரெண்டு பேர் ஒரே ரூம்ல தங்குறது குத்தம் இல்லன்னு 2019ல கோயம்புத்தூர் கேஸ் ஒண்ணுல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியிருக்கு. ரெண்டு பேர் ஐடியும் வாங்குங்க, 18 முடிஞ்சிருக்கான்னு பாருங்க, அதோட நிறுத்திக்கங்க, நடு ஹால்ல நிக்க வச்சு விசாரணை பண்றது அசிங்கம். ஆனா சின்னப் பொண்ணோ பையனோ கூட வந்த ஆளைப் பாத்து பயந்து நிக்குற மாதிரி தெரிஞ்சா சும்மா இருக்காதீங்க, குழந்தைங்க உதவி நம்பர் 1098 இல்லன்னா அவசர நம்பர் 112 அடிங்க.

பணம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினா நம்பாதீங்க, அந்த மாதிரி காட்டுறதுக்குன்னே போலி ஆப் இருக்கு. அக்கவுண்ட் ஓனர் ஃபோன்ல இருக்கும், அவர் தூங்கிட்டு இருப்பார், அதனால டூட்டி ஏர்றதுக்கு முன்னாடியே, பணம் வந்ததும் சத்தமா சொல்ற சவுண்ட் பாக்ஸ் டேபிள்ல இருக்கா, சார்ஜ் இருக்கான்னு பாத்துக்கங்க. இன்னொண்ணு, "ஆர்மி ஆபீசர் பேசறேன், பத்து ரூம் வேணும், அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க"ன்னு கால் வரும். பணம் வாங்குறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், பின் கேட்டாலே பணம் உங்ககிட்ட இருந்து போகப் போகுதுன்னு அர்த்தம்.

கெஸ்ட்டோட ரூம் நம்பரை சத்தமா சொல்லாதீங்க, பக்கத்துல வேற ஆள் நின்னா சாவியைக் கைல குடுத்து நம்பரைக் காட்டினா போதும். ராத்திரி பன்னண்டரைக்கு ஒருத்தர் வந்து "என் தம்பி இங்கதான் தங்கியிருக்கான், எந்த ரூம்"னு உரிமையா கேப்பார். இருக்காரு, இல்லன்னு கூட சொல்லக்கூடாது. "தங்குறவங்க விவரம் சொல்றதில்லீங்க, அவருக்கே ஃபோன் போட்டு கீழ வரச் சொல்லுங்க சார்"னு மரியாதையா சொல்லிட்டு நில்லுங்க. கோவப்படுவார், படட்டும். வீட்ல சண்டை போட்டுட்டு தனியா வந்து தங்குற பொம்பளைங்களும் இருக்காங்க, அவங்க பத்திரம் உங்க வாய்லதான் இருக்கு.

எல்லாத்தையும் விட எனக்குப் பயமா இருக்குறது கிரில் கேட். திருட்டு பயத்துல ஒரு மணிக்கு மேல கிரிலைப் பூட்டி சாவியை சட்டைப் பைல போட்டுட்டு பின்னாடி ரூம்ல போய் படுத்துக்கறாங்க. உள்ள முப்பது நாப்பது பேர் தூங்கறாங்க, ஏசி ஒயர்ல புகை வந்தா, கரண்ட் போய் இருட்டாயிட்டா, அந்த சாவியை யார் தேடுறது? பூட்டணும்னா உள்பக்கம் கையால திறக்குற தாழ்ப்பாள் போடுங்க. பூட்டுதான் போடணும்னு ஓனர் சொன்னா சாவி டேபிள்கிட்ட ஒரே ஆணில தொங்கணும், ரூம் பாய்க்கும் அந்த இடம் தெரியணும், பின்பக்க படிக்கட்டுல பழைய மெத்தை, சிலிண்டர்னு எதையும் அடுக்கக்கூடாது. தூக்கம் வரும், மனுஷன்தானே, ரூம் பாய்கிட்ட பேசி மாத்தி மாத்தி தூங்குங்க, ஒருத்தர் எப்பவும் முழிச்சிருக்கணும்.

நெஞ்சு வலிக்குதுன்னு யாராவது கால் பண்ணா "கேஸா இருக்கும்"னு சோடா வாங்கிக் குடுத்துட்டு நேரம் கடத்தாதீங்க. 108 அடிங்க. அடிக்கும்போது லாட்ஜ் பேர் மட்டும் பத்தாது, பெங்களூர் போற சைடா சேலம் போற சைடா, சர்வீஸ் ரோடா, எந்த மேம்பாலம் தாண்டினதும்னு சொல்லணும், ராங் சைடு வந்துட்டா ஆம்புலன்ஸ் எங்கயோ போய் திரும்பி வரணும். இதை ஒரு பேப்பர்ல எழுதி ஃபோன்கிட்ட ஒட்டி வைங்க, பதட்டத்துல நமக்கே வாய்ல வராது. ரூம் பாயை டார்ச்சோட ரோட்ல நிக்க வைங்க.

முகூர்த்த நாள்ல மூணே முக்காலுக்கு எழுப்பச் சொல்லுவாங்க. வாயால சொன்னதை ஞாபகம் வச்சுக்கலாம்னு இருக்காதீங்க, எழுதுங்க, இன்டர்காம் எடுக்கலன்னா மேல போய் கதவைத் தட்டுங்க, கீசரை அரை மணி முன்னாடியே போட்டுடுங்க.

கெஸ்ட்டுக்கு ரூம் குடுத்துட்டு அவங்க டிரைவரை மறந்துடறது இன்னொரு தப்பு, இதை யாரும் தப்பாவே நினைக்கிறதில்ல. அந்த அண்ணன் கார்லயே கொசுக்கடில முழிச்சிருந்துட்டு விடியக்காலைல தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்துல வண்டியை இறக்கணும். டார்மிட்டரில ஒரு கட்டிலோ, இல்லன்னா ஹால்ல ஒரு பாயும் தலகாணியுமோ குடுங்க, பாத்ரூம் காட்டுங்க. ஓனர் கேட்டா நான் சொன்னேன்னே சொல்லுங்க.

காலைல ஷிஃப்ட் மாத்தும்போது எந்த ரூம் எவ்வளவு பாக்கி, எந்த ரூம்ல ஏசி தண்ணி சொட்டுது, யாருக்கு பில் போடணும் எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. கேஷை ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணி நோட்டு வாரியா எழுதி கையெழுத்து வாங்குங்க. எண்ணாம சாவியை வச்சிட்டு பஸ் புடிக்க ஓடினா, மத்தியானம் ஐநூறு ரூபா குறையுதுன்னு ஃபோன் வரும்போது உங்க பக்கம் பேச ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது.