மாத்திரை வீடு தேடி வரும்போது கேட்டு வாங்க வேண்டியவை

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகளை 45 வயது கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டிலேயே கொடுப்பது இதன் முக்கிய வேலை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகள் ஆகியவையும் இதில் உண்டு. திட்டம் எல்லோருக்கும் தெரியும். அதில் தனக்கு என்ன உரிமை என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கோ கேட்கக் கூச்சம். “வீடு தேடி வந்து குடுக்குறாங்க, அவங்ககிட்டப் போயி கணக்குக் கேக்குறதா?” என்பார்கள் பெரியவர்கள்.

கேட்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதியதை நர்ஸ் பார்ப்பார், நர்ஸ் விட்டதை மருந்தாளுநர் பிடிப்பார். திண்ணையில் அப்படி இரண்டாவது ஆள் கிடையாது. நோயாளியோ வீட்டில் இருப்பவரோ கேட்கும் கேள்விதான் அங்கே சரிபார்ப்பு.

வருபவர் யார்?

மாதாமாதம் வருபவர் பெண் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர், அனேகமாக உங்கள் ஊர்க்காரர்தான். ரத்த அழுத்தம் பார்ப்பார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுப்பார். மருந்தை மாற்றவோ அளவைக் கூட்டக் குறைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. “500 ஸ்டாக் இல்லீங்க, 1000 இருக்கு, பாதியா உடைச்சிப் போட்டுக்குங்க” என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் அட்டையில் எஸ்.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரை. உடைத்தால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும். “இதை யார் சொன்னது, டாக்டரா?” என்று கேட்டு, அவர் போனிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேசச் சொல்லுங்கள். கோபம் வேண்டாம். அவர் சொற்ப ஊக்கத்தொகைக்கு வெயிலில் நடப்பவர். சரக்கு வராதது அவர் குற்றமல்ல.

எண்ணை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள்

“பிரஷர் நார்மல்தான்” என்பது பதில் ஆகாது. 138/84 என்று இரண்டு எண்ணும் வேண்டும். எண் சரியாக வர, பார்க்கும் விதமும் சரியாக இருக்க வேண்டும். காபி, டீ, பீடி முடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். மாடு கட்டிவிட்டு ஓடிவந்த கையோடு பார்த்தால் எண் கூடத்தான் இருக்கும். “கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பாருங்க” என்று கேட்பது உங்கள் உரிமை.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்பவர்கள், நின்ற நிலையிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இரவில் எழுந்து போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

சர்க்கரைக்கு, எண்ணோடு நேரமும் வேண்டும். வெறும் வயிற்றில் 184 என்பதும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 184 என்பதும் ஒன்றல்ல.

எண்ணி வாங்குங்கள்

அதிகத் தவறு நடப்பது இங்கேதான். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் 30 நாளைக்கு 60 மாத்திரை, அதாவது பத்து பத்தாக 6 அட்டை. அன்றைக்கு 3 அட்டைதான் கையில் இருந்தது, “மீதி அடுத்த வாரம்” என்று கொடுத்துவிட்டுப் போகிறார், அடுத்த வாரம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் என்ன செய்வார்? யாரையும் தொந்தரவு செய்யாமல் இரவு மாத்திரையை நிறுத்திவிட்டு, இருப்பதை மாதம் முழுக்க இழுப்பார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருக்கும். மருந்துச் சீட்டில் இரண்டு வேளை என்று இருப்பதால், மருந்து போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். அந்த மாதம் மாத்திரை முழுதாக வந்துவிட்டால், கூட்டிய அளவும் சேர்ந்து உள்ளே போய்ச் சர்க்கரை தடாலென்று இறங்கும். மூன்று அட்டை குறைந்ததில் தொடங்கி மயக்கத்தில் முடியும் இந்தச் சங்கிலியை, வாங்கும்போதே எண்ணி, குறைந்ததை எழுதி வைத்தால் அறுத்துவிடலாம்.

இன்னொன்று, நிறம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் மூலம் மருந்து வாங்குவதால் தயாரிக்கும் கம்பெனி மாறும், மாத்திரையின் நிறமும் அட்டையும் மாறும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் மஞ்சள். புது மருந்து என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. நிறத்தைப் பார்க்காமல், அட்டையில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராம் எண்ணையும் பாருங்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று அட்டையில் பேனாவால் போட்டுத் தரக் கேட்கலாம். மாத்திரையை உதிர்த்துக் கவரில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை என்றால் அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நோட்டு

கொடுத்ததெல்லாம் அவர்கள் செயலியில் ஏறும். உங்கள் கையில் இருப்பது? ஒரு 40 பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பதிவு, இப்படி:

மார்ச் 12. வந்தவர் பெயர். பி.பி. உட்கார்ந்து 148/86, நின்று 126/78. சுகர் 184, சாப்பிட்டு 2 மணி. மெட்ஃபார்மின் 500 – 60, அம்லோடிபைன் 5 – 30. அடுத்த வருகை ஏப்ரல் 11. கையெழுத்து.

நின்றதும் மேல் எண் 22 இறங்கியிருப்பது, ஆறு மாதம் கழித்து இதைப் புரட்டும் எந்த டாக்டருக்கும் ஒரு நொடியில் தெரியும். புகார் கொடுக்க நேர்ந்தாலும் இதுதான் ஆதாரம்.

“ஒத்துக்கலை” என்று சொல்ல

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தாங்களாகவே நிறுத்திவிட்டு, வாங்கி வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். பக்க விளைவைத் தெரிந்துகொள்வதும் வேறு மருந்து கேட்பதும் உரிமையில் சேர்ந்தவை. பிரஷர் மாத்திரைகளில், அம்லோடிபைனில் கணுக்கால் வீங்கலாம், எனலாப்ரிலில் விடாத வறட்டு இருமல் வரலாம். இரண்டுக்குமே மாற்று உண்டு. கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை முதியவர்களுக்கு நீண்ட நேரம் சர்க்கரையைத் தாழ்த்தி வைக்கும், அது எழுதப்பட்டிருந்தால் மாற்றித் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மின் போடுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்யக் கேட்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் அந்த மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும்.

வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கருவி இல்லாவிட்டால் காத்திராமல் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

முடிவு யாருடையது?

டாக்டர் மகனைப் பார்த்துப் பேசுவார், மகன் தலையாட்டுவார், நடுவில் அம்மா உட்கார்ந்திருப்பார். நினைவு தெளிவாக இருக்கும்வரை சம்மதம் நோயாளியுடையது. மகன் போட்ட கையெழுத்து அதற்கு ஈடாகாது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில் தகவல், சம்மதம், அந்தரங்கம், இரண்டாவது கருத்து, பாகுபாடின்மை எல்லாம் உண்டு. சாசனம் தனிச் சட்டம் அல்ல. ஆனால் அதிலுள்ள பலவும் ஏற்கெனவே சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் இருப்பவைதான். எல்லாத் தெருவுக்கும் வந்து காலனிக்கு மட்டும் மாதம் தவறுகிறது என்றால், அது சரக்குப் பிரச்சினை அல்ல, பாகுபாடு. அப்படியே எழுதிக் கொடுக்கலாம்.

அந்தரங்கம் கொஞ்சம் நுணுக்கமானது, ஏனென்றால் வருபவர் உள்ளூர். வாசலில் நின்று “அக்கா, உங்களுக்கு சுகர் 320” என்று சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை வாங்குவதைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், வேண்டாம் என்றதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டால், எதற்கு என்று தெரிந்த பிறகே சொல்லுங்கள். ‘ஆபா’ என்ற டிஜிட்டல் சுகாதார அடையாள எண் எடுப்பது கட்டாயம் இல்லை.

படுக்கையில் இருப்பவர்களுக்கு

சிறுநீர்க் குழாய் மாற்றுதல், படுக்கைப் புண்ணுக்குக் கட்டு, மூக்குக் குழாய் பராமரிப்பு ஆகியவற்றுக்கு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரைக் கேட்க வேண்டும். தன்னார்வலரிடம் சொன்னால் பெயர் பதிவாகும், ஆனால் ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்றும் செவிலியர் என்பதால் நாள் தள்ளும். குழாய் போட்ட தேதியையும் அடுத்து மாற்ற வேண்டிய தேதியையும் நோட்டில் எழுதி வாங்கி, ஒரு வாரம் முன்பே நினைவுபடுத்துங்கள். இயன்முறை மருத்துவர் போன பிறகு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை, வீட்டு ஆளை ஒருமுறை செய்யவைத்துப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

புற்றுநோய் வலி தாங்க முடியாதவருக்கு மார்ஃபின் கேட்பது தவறல்ல. அதை எளிதாக்கவே போதைமருந்துச் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. செவிலியர் தானாகத் தர முடியாது, டாக்டர் எழுத வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதச் சொல்லுங்கள். மார்ஃபினைப் பலர் விட்டுவிடுவதற்கு அந்தத் தொந்தரவும் ஒரு காரணம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால்

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 20-ம் பிரிவின்படி, 60 வயது கடந்தவர்களுக்கு அரசு மருத்துவமனையில் தனி வரிசை இருக்க வேண்டும், இயன்றவரை படுக்கை தர வேண்டும். வரிசை இல்லையென்றால் நிலைய மருத்துவ அலுவலரிடம் பிரிவு எண்ணோடு சொல்லுங்கள். எண் சொன்னால் கவனிப்பே வேறு. உள்நோயாளியாக இருந்தவர் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால், 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்ட கடிதத்தின் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள், மணிக்கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

புகார்

தன்னார்வலரிடம் கேட்டு நடக்கவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியர், அவருக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், அடுத்து வட்டார மருத்துவ அலுவலர், பிறகு மாவட்ட சுகாதார அலுவலர். போனில் என்றால் சுகாதாரத் துறைக்கு 104, முதல்வரின் உதவி மையத்துக்கு 1100, முதியோருக்கென்றே உள்ள 14567. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் மனு எண் இல்லாமல் திரும்ப வேண்டாம். மனுவில் பழைய கதை வேண்டாம், நான்கு வரி போதும்:

“நான் 71 வயதுடையவன். மக்களைத் தேடி மருத்துவத்தில் மெட்ஃபார்மின் 500 மி.கி. நாளொன்றுக்கு 2 பெறுகிறேன். மார்ச்சில் 60-க்கு 30 மட்டுமே கிடைத்தது, ஏப்ரலில் எதுவும் கிடைக்கவில்லை. நோட்டுப் பக்கத்தின் நகல் இணைத்துள்ளேன். விடுபட்ட மருந்தை வழங்கவும், அடுத்த வருகைத் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும் கோருகிறேன்.”

மாத்திரை வரும்வரை காத்திருக்கக் கூடாது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே யாரையாவது அனுப்புங்கள். அங்கும் மாதக்கணக்கில் ‘ஸ்டாக் இல்லை’ என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, குறிப்பிட்ட மருந்து கடந்த 3 மாதத்தில் எத்தனை வந்தது, எத்தனை வழங்கப்பட்டது என்று இருப்புப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஏன் தரவில்லை என்று கேட்டால் விளக்கம்தான் வரும், பதிவேட்டைக் கேட்டால் எண்ணிக்கை வரும்.

மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போகும்போது மருந்து அறுபடுவதுதான் வழக்கம். கிளம்பும் முன் சீட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, கூடுதல் மாதத்துக்கு மாத்திரை தர முடியுமா என்று கேளுங்கள். போன ஊரில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் வாரமே சீட்டைக் காட்டிப் பதிந்துவிடுங்கள். ஊர் திரும்பியதும், இரண்டு தடவை வீடு பூட்டியிருந்ததால் இங்கே பெயர் எடுக்கப்பட்டுவிட்டதா என்று தன்னார்வலரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.