வுட்ஸ்டாக்கை வரையலாம் வாங்க (பேச்சுக்கோடுகளோடு சேர்த்து)

பீனட்ஸ் படக்கதையை வரையப் பழகுகிறவர்கள் எல்லாரும் அதில் வரும் நாய் ஸ்னூப்பியில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் வுட்ஸ்டாக்கில் ஆரம்பியுங்கள். சின்ன மஞ்சள் பறவை, கொஞ்சம் கோடுகளில் முடிந்துவிடும், ஆனால் நமக்குப் புரிகிற மாதிரி ஒரு சொல்கூடப் பேசாத துணைப் பாத்திரம் ஒரு காட்சியை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தர ஆள் இல்லை. சார்லஸ் ஷுல்ஸ் பீனட்ஸைத் தொடங்கியது 1950இல். இந்தப் பறவைக்குப் பெயர் வந்தது 1970 ஜூனில்தான், அதுவும் முந்தைய ஆண்டு நடந்த இசை விழாவின் பெயர்.

தேவை: 2பி பென்சில், ரப்பர், கொஞ்சம் தடிமனான தாள், மைக்ரான் 05 கறுப்புப் பேனா (05 என்பது முனையின் தடிமன் எண்). ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், ரப்பர் பட்டதும் இழுவிவிடும். ஷுல்ஸ் எஸ்டர்புரூக் 914 நிப்பில் வரைந்தவர். அந்தக் கம்பெனி மூடியபோது மிச்சமிருந்த நிப்புகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். உங்களுக்கும் நிப் ஆசை வந்தால் அப்புறம் பார்க்கலாம், முதலில் கை பழகட்டும்.

படி 1: பக்கவாட்டில் பார்க்கும் தலை, லேசாக அமுங்கிய உருண்டையாக. உடம்பு அதைவிடச் சின்னது. உடம்பைப் பெரிதாக்கினால் கோழிக்குஞ்சு ஆகிவிடும்.

படி 2: குட்டி அலகு, கண்ணுக்கு ஒரு சின்ன நிமிர்ந்த கோடு, உச்சந்தலையில் கலைந்த இறகுகள். இறகை ஒரே வீச்சில் இழுத்துவிடுங்கள். கை நடுங்கினால் கவலை வேண்டாம். 1981இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஷுல்ஸுக்கே கை நடுக்கம் வந்தது, பிற்காலப் படங்களில் அந்த அதிர்வு கோட்டிலேயே தெரியும், அதுவும் எனக்கு அழகாகத்தான் படுகிறது.

படி 3: கால், வால், கை மாதிரி நீட்டிய சிறகு.

படி 4, பேச்சு. நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். வுட்ஸ்டாக் பேசுவதெல்லாம் சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகள், எப்போதாவது ஒரு ஆச்சரியக்குறியோ கேள்விக்குறியோ. பார்க்க எளிது, ஆனால் ஒரே உயரம், ஒரே இடைவெளி என்று போட்டால் கம்பி வேலி நிற்கிற மாதிரி இருக்கும், பேச்சாகத் தெரியாது. அதனால் தலைக்கு மேல் பென்சிலில் நிஜமாகவே ஒரு வசனம் எழுதுங்கள். “மழை வருது, உள்ள போலாமா?” என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் பேனாவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கோடு, சொல் முடிகிற இடத்தில் இடைவெளி, ஒன்றிரண்டு கோடு மட்டும் கொஞ்சம் குட்டையாகவோ சாய்ந்தோ. மை காய்ந்ததும் பென்சிலை அழித்துவிடுங்கள். வசனம் போய்விடும், பேச்சின் தாளம் நிற்கும். பக்கத்தில் ஸ்னூப்பி இருந்தால் அவன் எண்ணக் குமிழில் பதில் எழுதுங்கள், பறவை என்ன சொன்னது என்று அந்தப் பதிலே காட்டிக்கொடுக்கும். (கார்ட்டூனில் இந்தக் கோடுகளுக்குக் குரலாக இருந்தவர் இயக்குநர் பில் மெலெண்டெஸ். ஸ்னூப்பிக்கும் அவர்தான், தன் குரலைப் பதிவுசெய்து வேகத்தைக் கூட்டினார்.)

படி 5: பறக்கும் தடம். விட்டுவிட்டுப் போகும் புள்ளிக்கோடு, நேராகப் போகவே கூடாது, சுற்றிச் சுழன்று ஒரு இடத்தில் தலைகீழாகவும் போகட்டும்.

பின்சேர்க்கை 1: கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று பலர் எழுதியிருந்தீர்கள். படத்தைச் சின்னதாக வரைந்தால் 05 தடிமன் அதிகம், பேச்சுக்கு மட்டும் 01 எடுங்கள்.

பின்சேர்க்கை 2: டீ-சர்ட்டில் அச்சடித்து விற்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, பீனட்ஸ் இன்னும் காப்புரிமையில் இருக்கிறது. பழைய பாத்திரம்தான் வேண்டுமென்றால் மாலுமி பாப்பாய் இருக்கிறான். 1929இல் வேறு பாத்திரங்களைப் பற்றிய படக்கதைக்குள் துணைப் பாத்திரமாக நுழைந்தவன் அவன், அந்த முதல் வடிவம் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை, அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் வணிகச் சின்ன உரிமை தனி, விற்பதற்கு முன்னால் அதையும் விசாரித்துவிடுங்கள்.