உங்கள் வைஃபை எந்த நாட்டு விதியைப் பின்பற்றுகிறது? லினக்ஸில் பார்த்துத் திருத்துவது எப்படி

போன பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் லேப்டாப்பைத் திறந்தபோது எங்கள் வீட்டு வைஃபை அவர் திரையில் தெரியவே இல்லை. அதே நேரம் எங்கள் போன்களில் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு, டிரைவர் என்று அரை மணி நேரம் தேடினோம். ராவுட்டர் தானாக 13-ஆவது சேனலுக்குப் போயிருந்தது. அவருடைய லினக்ஸில் நாடு ‘அமெரிக்கா’ என்று இருந்தது. லினக்ஸில் அமெரிக்காவுக்கென்று இருக்கும் விதிப்படி அந்த சேனல் மூடிக் கிடக்கும், அவ்வளவுதான் விஷயம்.

எந்த அலைவரிசையில், எவ்வளவு திறனில் பேசலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. லினக்ஸில் அந்த விதிகள் எல்லாம் ‘வயர்லெஸ் ரெக்டிபி’ என்ற சிறிய தரவுத்தளத்தில் நாடு வாரியாக இருக்கின்றன. அதை எப்படிப் படிப்பது, அரசிதழோடு எப்படி ஒப்பிடுவது, தப்பு இருந்தால் எப்படித் திருத்துவது என்று பார்க்கலாம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். நாட்டுக் குறியீடு மட்டும் பெரிய எழுத்தில்.

படி 1: இப்போது என்ன இருக்கிறது?

‘ஐடபிள்யூ ரெக் கெட்’ என்று தட்டுங்கள். ‘கன்ட்ரி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஐஎன் என்று வந்தால் இந்தியா. 00 என்று வந்தால், தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று கணினிக்குத் தெரியவில்லை, எங்கும் பொருந்தக்கூடிய மிகக் குறைந்த உரிமைகளோடு ஓடுகிறது என்று அர்த்தம். 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தொடங்க மறுக்கிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த 00-ஐத்தான் பார்க்க வேண்டும். அந்த நிலையில் கணினி 5 கிகாஹெர்ட்ஸைக் கேட்கும், தானாக முந்திக்கொண்டு பேசாது.

வந்த வரிகளை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 2: ஒரு வரியைப் படிப்பது

அமெரிக்காவுக்கான முதல் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: (2400 - 2472 @ 40), (30). முதல் இரண்டு எண்களும் அனுமதித்த பட்டையின் இரண்டு ஓரங்கள், மெகாஹெர்ட்ஸில். @ குறிக்குப் பின்னால் இருப்பது அதிகபட்ச அகலம். கடைசி எண் திறன், டிபிஎம் என்ற அளவில்.

இதில் சேனல் எண்ணே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அதை நாம்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரையிலான சேனல்களின் நடு அலைவரிசை, 2407 கூட்டல் சேனல் எண்ணின் ஐந்து மடங்கு. 11-ஆவது சேனல் 2462-இல் நிற்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரு பக்கமும் பத்துப் பத்து போனால் மேல் ஓரம் 2472. அமெரிக்க வரம்பை அப்படியே தொட்டு நிற்கிறது. 13-ஆவது சேனலின் நடுவே 2472, அதன் மேல் ஓரம் 2482. வரம்பைத் தாண்டிவிட்டது, ஆகவே லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதை மூடிவிடுகிறது. இந்தியாவில் வரம்பு 2483.5 வரை போவதால் 13 உள்ளே அடங்கும். அத்தை மகனிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

திறனுக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட், 30 என்றால் 1 வாட், 36 என்றால் ஏறத்தாழ 4 வாட். மூன்று கூடினால் திறன் இரட்டிப்பாகும்.

படி 3: அரசிதழோடு ஒப்பிடுவது

முக்கியமான படி இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். இந்தியாவில் அலைவரிசை விவகாரங்களைத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு கவனிக்கிறது. உரிமம் இல்லாமல் எதைப் பயன்படுத்தலாம் என்பது அரசிதழ் அறிவிக்கையாக வரும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-இல் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கை 5150–5250, 5250–5350, 5470–5725, 5725–5875 என்று நான்கு பட்டைகளை, மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், திறந்துவிட்டது. உங்கள் திரையில் வந்த வரிகளை இந்த ஓரங்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

திறனை ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. அறிவிக்கையில் கருவி வெளியிடும் திறனும், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்த திறனும் தனித்தனியாக இருக்கும். 30 டிபிஎம் கருவியில் 6 டிபிஐ (ஆன்டெனாவின் பெருக்கத்தை அளக்கும் அலகு) ஆன்டெனா மாட்டினால் வெளியே போவது 36 டிபிஎம். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் ‘தரவுத்தளத்தில் குறைவாக இருக்கிறது’ என்று முடிவு கட்ட வேண்டாம். சட்டத்தைவிடக் குறைவாக இருந்தால் வேகம்தான் கொஞ்சம் போகும். கூடுதலாக இருந்தால் அது விதிமீறல்.

வரைவை இறுதி விதி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதிக்கு, 5925 முதல் 6425 வரை, 2025 மே மாதம் இந்தியாவில் வரைவு விதி வெளியானது. வரைவு என்பது கருத்துக் கேட்பதற்காக வெளியிடுவது. எந்த வரைவானாலும் இறுதி அறிவிக்கை அரசிதழில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே மென்பொருளில் கை வைக்க வேண்டும்.

படி 4: டிஎஃப்எஸ் என்ற குறி

சில வரிகளின் கடைசியில் டிஎஃப்எஸ் என்று இருக்கும். அந்தப் பட்டையில் ரேடார்களும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ராவுட்டர் பேசுவதற்கு முன் வழக்கமாக 60 விநாடி அமைதியாகக் கேட்கும். ரேடார் தென்பட்டால் சேனலை விட்டு விலகி, அரை மணி நேரம் திரும்பாது. ஆன் செய்தவுடன் 5 கிகாஹெர்ட்ஸ் வரவில்லை என்று ராவுட்டரைத் திரும்பத் திரும்ப அணைக்காதீர்கள், அந்த ஒரு நிமிடத்தைக் கொடுங்கள்.

இந்தக் குறியை நீக்கினால் வேகமாகத் தொடங்கும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் 2009-இல் விமான நிலைய வானிலை ரேடாருக்கே 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளால் இடையூறு வந்தது. விமானம் தரையிறங்கும் பாதையில் திடீர்க் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற ரேடார் அது.

படி 5: நாட்டைச் சரியாக வைப்பது

‘சுடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்’. மறுபடி முதல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் ‘செல்ஃப் மேனேஜ்டு’ என்று இருந்தால் அந்த வைஃபை கார்டு உங்கள் பேச்சைக் கேட்காது, தன் ஃபர்ம்வேரில் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளில்) உள்ள விதியையே பின்பற்றும். இன்டெல் கார்டுகளில் இது சாதாரணம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ‘ராஸ்பி கான்ஃபிக்’ மெனுவில் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய மாடல்களில் நாட்டைச் சொல்லாதவரை வைஃபையே பூட்டியிருக்கும். அது நல்ல ஏற்பாடு என்பேன்.

கூடுதல் திறனுக்காக வேறு நாட்டின் பெயரைப் போடுவது வேண்டாம். நாம் இருக்கும் மண்ணின் விதிதான் நமக்கு.

படி 6: தரவுத்தளமே பழையதாக இருந்தால்

முதலில் ‘வயர்லெஸ் ரெக்டிபி’ பேக்கேஜைப் புதுப்பியுங்கள். அநேகமாக அதிலேயே சரியாகிவிடும். அப்புறமும் அரசிதழோடு ஒத்துப்போகவில்லை என்றால் மூலக் கோப்பான ‘டிபி.டிஎக்ஸ்டி’யில் நாட்டின் வரிகளைத் திருத்திப் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பலாம். அரசிதழின் எண், தேதி, இணைப்பு மூன்றையும் திருத்தத்தோடு கட்டாயம் எழுதுங்கள். ஆதாரம் இல்லாத எண்ணை அடுத்து வருகிறவர் சரிபார்க்கவே முடியாது. உங்கள் கணினியில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதுவும் எளிதல்ல: தரவுக் கோப்போடு கையொப்பக் கோப்பும் இருக்கிறது, பெரும்பாலான கர்னல்கள் தெரிந்த கையொப்பம் இல்லாததை ஏற்காது.

புதிய பேக்கேஜ் வந்ததும் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு, படி 1-இல் சேமித்த வரிகளைப் புதிய வரிகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.