எல்என்ஜி முனையமும் எரிசக்திப் பாதுகாப்பும்: கணக்கில் நேரும் தவறுகள்

முதலில் ஒன்று: எல்என்ஜி சமையல் சிலிண்டர் எரிவாயு அல்ல, அது எல்பிஜி. எல்என்ஜி என்பது மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். அப்போது அதன் கொள்ளளவு 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கப்பலில் வரும் இந்தத் திரவத்தை இறக்கித் தொட்டியில் வைத்து, மறுபடி வாயுவாக்கிக் குழாயில் அனுப்பும் இடமே முனையம்.

பெரும் தவறு, முனையத்தைக் கட்டிவிட்டுக் குழாய்க்குக் காத்திருப்பது. கொச்சியில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள முனையம் 2013-லேயே தயார். மங்களூருக்கான 450 கி.மீ. குழாய் திறக்கப்பட்டதோ 2021 ஜனவரியில். கோவை, ஈரோடு, சேலம் வழியே பெங்களூருக்குப் போக வேண்டிய கிளை விவசாயிகளின் எதிர்ப்பில் நின்றது. மங்களூர் குழாய் வரும்வரை உள்ளூர் ஆலைகள் சிலவற்றைத் தவிர வாங்க ஆளில்லை. நில உரிமையும் வாங்குவோரின் ஒப்பந்தமும் கையில் வந்த பிறகே தொட்டிக்கு அஸ்திவாரம் போட வேண்டும்.

அடுத்தது, தொட்டியைச் சேமிப்புக் கிடங்காக எண்ணுவது. எண்ணூரில் 1,80,000 கன மீட்டர் தொட்டிகள் இரண்டு. இரண்டும் நிரம்பியிருந்தால் சுமார் 21.6 கோடி கன மீட்டர் வாயு. முழுத் திறனில் அனுப்பினால் 12 நாளில் தீரும். நடைமுறையில் அதுவும் கிடைக்காது. வரும் கப்பலே 1,70,000 கன மீட்டர் கொண்டுவரும் என்பதால் அதற்கு இடம் விட வேண்டும். அடியில் கொஞ்சம் திரவத்தையும் எப்போதும் விட்டுவைக்க வேண்டும். முழுக்க வடித்தால் தொட்டி சூடேறிவிடும். மறுபடி அவசரமாகக் குளிர்வித்தால் உட்சுவரின் நிக்கல் எஃகு சீரற்றுச் சுருங்கி விரிசல் விடலாம். எனவே சிறுகச் சிறுகத்தான் குளிர்விக்க முடியும். அதற்கே சில நாட்கள் போய்விடும். நிரப்பி வைத்து மாதக்கணக்கில் காக்கவும் வழியில்லை, தினமும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

நீண்டகால ஒப்பந்தமின்றி அவ்வப்போதைய விலைக்கு வாங்கும் உடனடிச் சந்தையை நம்பியிருப்பதும் ஆபத்து. 2022 ஜூலையில் பாகிஸ்தான் 10 கப்பல் சரக்குக்கு டெண்டர் விட்டது. ஒருவரும் விலை கோரவில்லை. ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்து அள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. நீண்டகால ஒப்பந்தம் இருந்தாலும், கத்தார் சரக்கு பாரசீக வளைகுடாவின் குறுகிய வாயிலான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும். விற்பவர் எத்தனை பேர் என்பதோடு கடல்வழி எத்தனை என்பதையும் எண்ணுங்கள்.

கடலை மறப்பவர்களும் உண்டு. அலைதடுப்புச் சுவர் முடியாததால் மகாராஷ்டிரத்தின் தாபோல் முனையம் பல ஆண்டுகள் பருவமழை மாதங்களில் கப்பலை ஏற்கவில்லை. கரையில் கட்டாமல் கப்பலிலேயே அமைக்கும் மிதக்கும் முனையம் மலிவு, விரைவு. ஆனால் 2024 மே மாதம் ரெமல் புயலில் வங்கதேசத்தின் மகேஷ்காலியில் ஒன்று சேதமாகி, பழுதுபார்க்க சிங்கப்பூருக்குப் போனது. அந்நாட்டில் இருந்தவையே இரண்டு.