வயர்ஷார்க்கில் ஐபி முகவரியுடன் கணினிப் பெயரையும் பார்ப்பது எப்படி?

பிணையப் போக்குவரத்தைப் பதிவு செய்து காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கைத் திறந்து, கவனிக்க வேண்டிய வைஃபை அல்லது ஈதர்நெட் இணைப்பை இருமுறை சொடுக்கினால், பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) எங்கிருந்து எங்கே செல்கின்றன என்பது 192.168.1.7 போன்ற ஐபி முகவரிகளாகவே தெரியும். பெயர் காட்டும் வசதி தொடக்கத்தில் அணைந்திருப்பதே காரணம். வியூ மெனுவின் நேம் ரெசல்யூஷன் பகுதியில் ரிசால்வ் நெட்வொர்க் அட்ரசஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், பெயர் தெரிந்த முகவரிகள் பெயர்களாக மாறும். ஐபி முகவரி தொலைந்துவிடாது. பாக்கெட்டைச் சொடுக்கினால் விவரப் பகுதியில் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் இருக்கும். மொத்தப் பட்டியல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவின் ரிசால்வ்ட் அட்ரசஸ் சாளரத்தில் கிடைக்கும்.

இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை, வயர்ஷார்க் பதிவில் சிக்கிய டிஎன்எஸ் (பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) பதில்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே பதிவைத் தொடங்கிய பிறகே இணையதளத்தைத் திறக்க வேண்டும்; முன்பே திறந்திருந்தால் விடை கணினியின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும் என்பதால், புதிய டிஎன்எஸ் கேள்வி எழாமலே போகலாம். உலாவி டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கம் செய்து அனுப்பினாலும் பெயர் கிடைக்காமல் போகலாம். அமைப்புகளில் வெளி டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்கவும் அனுமதிக்கலாம். ஆனால் அந்தக் கேள்விகளும் பதிவில் கலந்து குழப்பும் என்பதால், அவசியமில்லாமல் அதைத் தொடாதிருப்பதே நல்லது. மேலும், அவ்வாறு கிடைப்பது பல நேரங்களில் நீங்கள் திறந்த தளத்தின் பெயராக இராமல், அதைத் தாங்கும் சேவையகத்தின் பெயராகவே இருக்கும்.