மிருதங்கம் பதியும் அறைக்கு ஒலி உறிஞ்சும் பலகை

பத்துக்குப் பத்து கான்கிரீட் அறையில் மிருதங்கம் வாசித்தால் தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கி என்ற தாழ்ந்த ஒலி மூலைகளில் தேங்கி மற்றதையெல்லாம் மூடிவிடும். முட்டை அட்டை, ஒரு அங்குல ஃபோம் எதுவும் இதற்கு உதவாது. ஃபோம் உயர்ந்த ஒலியை மட்டும் மழுங்கடிக்கும், வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) பளிச்சென்ற நாதம்தான் போகும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அதைப் பிடிக்கத் தடிமன் வேண்டும்.

நான் வாங்குவது கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), 50 மில்லிமீட்டர் கனம். இரண்டிரண்டாக அடுக்குவேன். கடைக்காரர் சொல்லும் அளவை நம்பாமல் நீங்களே அளந்து, ரீப்பர் கட்டையில் சட்டம் அடியுங்கள். உள்ளளவு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவாக இருந்தால் ராக்வூல் இறுக்கமாக நிற்கும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம்.

அப்புறம் துணி. வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வரவேண்டும். காடாத்துணி போதும், ரெக்சின் வேண்டவே வேண்டாம். நான்கு பக்கமும் முதலில் நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, பிறகு மூலைகளை நோக்கி இழுத்துக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் துணியில் சுருக்கம் விழும்.

முதல் பலகைகள் அறை மூலைகளுக்கு. சுவரில் மாட்டுபவற்றுக்குப் பின்னால் 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், தாழ்ந்த ஒலியும் கொஞ்சம் அடங்கும். பக்கச் சுவரில் ஒருவரைக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு பலகை மாட்டுங்கள்.

பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் இதனால் நிற்காது. அதற்குக் கதவு, ஜன்னல் இடுக்குகளைத்தான் அடைக்கவேண்டும்.